ஆறு மேற்கே போன காலை

கதிர்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசிய வேகத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஜமீலாவின் மகள் போன மாதமே வாட்ஸ்அப்பில் போட்ட வீடியோவை நீ இப்போதுதான் பார்த்திருக்கிறாய். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சுடிதாரைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டு, நடு ஆற்றில் துடுப்போடு உன் அம்மா. "ரிட்டயர் ஆனா நாலு கோயிலுக்குப் போவாங்க. நீங்க ஆத்துல எறங்குறீங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கேர்ந்தும்மா ஓடி வர்றது?" என்றாய். கடைசியாக, "அந்த ஆத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். கோபத்தில் கேட்ட கேள்விதான், ஆனால் நல்ல கேள்வி. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் நீயும் நித்யாவும் ஜெர்மனிக்குப் போய்விடுவீர்கள். அதற்குமுன் இதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும், அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

புஷ்பத்தையும் ஜமீலாவையும் உனக்குத் தெரியும், ஆனால் அத்தைகளாகத்தான் தெரியும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நாங்கள் மூவரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய் வந்தவர்கள். எனக்குத் தாலுகா ஆபீஸ், புஷ்பத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடம். நானும் அவளும் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவோம். ஜமீலா கணக்கு டீச்சர், பரங்கிப்பேட்டையில் ஏறுவாள். அவள் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் வெள்ளாற்றுப் பாலம் வந்துவிடும். சத்தம் மாறும், காற்று குளிரும், கீழே அகலமாக, பச்சையும் சாம்பலுமாக ஒரு தண்ணீர். பாலம் முடிந்ததும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் லீவு விட்டால் உன்னையும் கூட்டிப்போவேன். "இந்தத் தண்ணி எங்கேர்ந்தும்மா வருது?" என்று கேட்பாய். "மேற்கேர்ந்து" என்பேன். "எங்க போவுது?" "கடலுக்கு." இரண்டுமே எனக்குப் பார்த்துத் தெரிந்தவை அல்ல, வாய்க்கு வந்தவை. சர்வீஸ் முழுக்க அந்த ஆற்றின் மேலேயே போய் வந்தேன். ஒரு நாளும் அதில் கால் நனைத்ததில்லை.

ஆற்றில் போகலாம் என்று முதலில் சொன்னது நானோ ஜமீலாவோ இல்லை, புஷ்பம். அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஏனென்றால் பாலம் வரும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்க்கமாட்டாள். பையில் எதையோ தேடுவாள், இல்லாவிட்டால் கண்ணை மூடி ஜெபமாலையை விரலில் உருட்டுவாள். அவளுடைய தம்பி ஜெரால்டு சுனாமி வந்த அன்று தவறிப்போனவன். அதனால் தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம் என்று நானும் ஜமீலாவும் நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தோம். நான் ஓய்வு பெற்ற அன்று மூவரும் கடைசியாகச் சேர்ந்து ரயிலில் திரும்பினோம். பாலத்தின்மேல் வண்டி ஏறியதும் புஷ்பம் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். "இதுக்குக் கீழ ஒரு நாள் போய்ப் பாக்கணும்டீ" என்றாள். "எதுக்குக்கா?" என்றாள் ஜமீலா. "தெரிஞ்சிக்கத்தான்" என்றாள் புஷ்பம். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போதும் நாங்கள் கேட்கவில்லை.

உன் அப்பா முதலில் சிரித்தார். பிறகு, நாங்கள் நிஜமாகவே போகப்போகிறோம் என்று தெரிந்ததும், எங்களைவிட அவருக்குத்தான் ஆர்வம் ஜாஸ்தியாகிவிட்டது. கிள்ளைப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களைக் கயாக்கில் கூட்டிப்போகும் செல்வமணி என்பவரை விசாரித்துப் பிடித்தார். நாற்பது வயது ஆள், எதற்கும் கலங்காத முகம். புவனகிரியில் இறங்கி, பரங்கிப்பேட்டையில் கரையேறுவது என்று ஏற்பாடு. தண்ணீர் வடிகிற நேரத்தில் கிளம்பினால் ஆறே இழுத்துக்கொண்டு போய்விடும், துடுப்புக்கு வேலையே இருக்காது என்றார் செல்வமணி. அப்பா ஸ்கூட்டரில் இட்லியோடு கரையோரமாக வந்து, ரோடு ஆற்றைத் தொடுகிற இடத்திலெல்லாம் நின்று கையாட்டுவார். உனக்குக் கவலையாக இருக்கும் என்பதால் சொல்கிறேன், மூவரும் முதல் நாளே பிச்சாவரத்தில் போய் எப்படி உட்காருவது, கவிழ்ந்தால் என்ன செய்வது என்று பழகிக்கொண்டோம். கவிழ்ந்தும் பார்த்தோம். ஜமீலாவின் மூக்குக்கண்ணாடி அங்கேதான் போனது.

புவனகிரியில் ஆறு ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஒரு பக்கம் நாணல், ஒரு பக்கம் மாடு, படித்துறை ஓரத்தில் பிளாஸ்டிக். நானும் ஜமீலாவும் ஒரு கயாக்கில், புஷ்பமும் செல்வமணியும் இன்னொன்றில். தண்ணீர்மட்டத்துக்கு அருகில் உட்கார்ந்ததும் எல்லாமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது, கதிர். கரை உயரமாகிவிடுகிறது. ஊர் மறைந்துவிடுகிறது. பஸ் ஹாரன் எங்கோ கேட்கிறது, ஆனால் அது உன்னைப் பார்த்து அடிப்பதில்லை. ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னாலேயே கம்பம் கம்பமாகத் தாவிக்கொண்டு வந்தது. புஷ்பம் முதலில் கயாக்கின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கையை எடுத்தாள். பிறகு அந்தக் கையைத் தண்ணீரில் விட்டு, விரலை வாயில் வைத்துப் பார்த்தாள். "உப்புக் கரிக்குது" என்றாள். கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. "இவ்ளோ உள்ள எப்படி உப்பு வந்துச்சு?" என்று செல்வமணியைக் கேட்டாள். "கோடையில புவனகிரி வரைக்கும் ஏறும் மேடம். கடல் ஆத்துக்குள்ள வரும், போவும். அது பாட்டுக்கு நடக்கும்" என்றார். அவள் மறுபடி விரலை நனைத்து ருசி பார்த்தாள்.

வழியில் ஓரமாக ஒரு மரத்தைக் காட்டி, "கிட்டப் போவாதீங்க, கிளைய ஒடிக்காதீங்க, பாலு கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார் செல்வமணி. என்ன மரம் என்று கேட்டோம். தில்லை மரமாம். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தில்லை, தில்லை என்று ஊரெல்லாம் போர்டு வைத்திருக்கும் சிதம்பரத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறோம். என் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தில்லை என்று பெயர் வைத்தவர்கள். அந்த மரத்தை நாங்கள் ஒருவரும் பார்த்ததே இல்லை. அது ஏதோ புராணத்து மரம் என்றே நான் நினைத்திருந்தேன். இங்கே சாதாரணமாக, கொஞ்சம் பழுத்த இலைகளோடு, சேற்றில் நின்றுகொண்டிருக்கிறது. அப்படியானால் ஒரு காலத்தில் இந்தச் சதுப்பும் இந்த உப்பும் சிதம்பரம் வரைக்கும் இருந்திருக்க வேண்டும் என்று ஜமீலா சொன்னாள். கோயிலைச் சுற்றி இந்த மரங்களும், இடையில் தண்ணீரும். நாங்கள் அந்த மரத்தின் எதிரில் ரொம்ப நேரம் நின்றுவிட்டோம். "மேடம், தண்ணி வடியிறப்பவே போயிடலாம்" என்று செல்வமணி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சுவர். பெரிய ரோட்டுப் பாலத்தைத் தாண்டியதும் கரையில் பாதி இடிந்து, ஆலங்கன்று முளைத்து, பார்க்கவே பழசாக நின்றது. "டச்சுக்காரன் கோட்டை மேடம். இங்கதான் பீரங்கி வச்சிருந்தான்" என்றார் செல்வமணி. ஜமீலா உடனே போட்டோ எடுத்தாள். புஷ்பம், "எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "எல்லாரும் சொல்றதுதான்." "யாரு எல்லாரும்?" செல்வமணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "எறங்கிப் பாக்கலாமா?" என்றாள் புஷ்பம். சேற்றில் முழங்கால் வரை புதைந்து ஏறிப் பார்த்தால், சுவருக்கு உள்ளே துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று ஆற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மோட்டார் உட்கார வைக்கிற சிமென்ட் மேடை. யாரோ ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைத்த மோட்டார் கொட்டகை. செல்வமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "டூரிஸ்ட்டு கேட்டா ஏதாவது சொல்லணும்ல மேடம். முதல்ல ஒருத்தர் கேட்டாரு, சும்மா சொன்னேன். அப்பறம் சொல்லிச் சொல்லி எனக்கே நெசம்னு ஆயிடிச்சி" என்றார். புஷ்பம் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அவள் திருப்பிச் சொன்னாள், மெதுவாக, தனக்குத்தானே. "சொல்லிச் சொல்லி நெசம்னு ஆயிடிச்சி."

கோட்டை போய்விட்டாலும் ஆற்றின் பழைய கதை பொய்யில்லை. பரங்கிப்பேட்டை என்ற பெயரிலேயே பறங்கிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னாலும் கப்பல்கள் வந்திருக்கின்றன. ஜமீலாவின் வாப்பா வழியில் அரபு நாட்டுக்கும் மலாயாவுக்கும் கப்பலில் போய் வந்தவர்கள் உண்டு. உள்ளூரில் நெய்த துணி இதே ஆற்றில் படகில் இறங்கி, முகத்துவாரத்தில் காத்திருக்கும் கப்பலுக்குப் போகும் என்று அவள் வாப்பா சொல்வாராம். பிறகு ஒரு வெள்ளைக்காரன் சேலம் பக்கத்து மலையிலிருந்து இரும்புக் கல்லைக் கொண்டுவரச் செய்து, இங்கே உலை வைத்து உருக்கியிருக்கிறான். உலைக்கு விறகாகக் காடுகள் போயின, பிறகு உலையும் போனது. இந்த ஆறும் அந்தப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது என்று ஜமீலா சொன்னபோது, ரயிலில் உனக்கு "மேற்கேர்ந்து" என்று சொல்லி வாயை அடைத்தேனே, அந்த ஒரு வார்த்தைக்குள் இவ்வளவு இருந்திருக்கிறதா என்று நினைத்தேன். புஷ்பம் இதற்கும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இது உங்க வாப்பா பாத்ததா, கேட்டதா?" ஜமீலா முதலில் முகம் சுளித்தாள். பிறகு அவளும் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தாள். இது பார்த்தது, இது கேட்டது, இது நான் நினைக்கிறது. அப்படிப் பிரித்துப் பேசும்போது பேச்சு குறைகிறது, ஆனால் கனக்கிறது.

ரயில் பாலம் தெரிய ஆரம்பித்தபோது துடுப்பு கனமாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு தள்ளினாலும் கரையில் இருந்த ஒரு பனைமரம் எங்களோடேயே நின்றது. "தண்ணி திரும்பிடிச்சி" என்றார் செல்வமணி. மரத்தின் முன்னால் நாங்கள் நின்ற நேரம், சுவரில் ஏறி இறங்கிய நேரம், எல்லாம் சேர்ந்து வடிகிற நேரம் முடிந்துபோயிருந்தது. ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஆற்றுக்குள் ஏற ஆரம்பித்துவிட்டது. "இப்ப எதிர்த்துத் தள்ளுனா கை போயிடும். பாலத்துத் தூண்கிட்ட கட்டிட்டு நிப்போம், வடியிறப்ப போலாம்" என்றார். ஒரு வழியாகப் போராடித் தூண் நிழலுக்குப் போய்ச் சேர்ந்து கயிற்றைக் கட்டினோம். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கயாக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான் வரட்டுமா?" என்றார். "எப்படி வருவீங்க, ஸ்கூட்டர்லயா?" என்றேன். அதைக் கேட்டதும் அவரே, "சரி, இட்லி ஆறிப்போவும்" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் பார்த்தோம். நுரை, இலை, ஒரு தென்னங்குரும்பை, ஒரு செருப்பு, எல்லாம் கடல் பக்கமிருந்து வந்து எங்களைத் தாண்டி ஊருக்குள் போகின்றன. அவசரமாக, வேலைக்கு நேரமாகிவிட்டதைப்போலப் போகின்றன. தலைக்கு மேலே ஒரு ரயில் கடந்தது, தூண் அதிர்ந்தது. ஜமீலா நிமிர்ந்து பார்த்தாள், நானும் பார்த்தேன். புஷ்பம் பார்க்கவில்லை. அவள் கண் அந்தக் குரும்பையின் பின்னாலேயே போனது, அது வளைவில் மறையும்வரை. "செல்வமணி, கெழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவர் காட்டினார். "இது மேற்கதான போவுது?" "ஆமா மேடம்." "சும்மா நாள்லயே இப்படின்னா, சுனாமி அன்னிக்கு?" செல்வமணி துடுப்பைக் கீழே வைத்தார். அவரும் அந்தக் கரையோரத்து ஆள்தான். "அன்னிக்கு நான் கிள்ளையில இருந்தேன். படகெல்லாம் உள்ள வந்து மரத்துல மாட்டிக் கெடந்துச்சி. மனுசங்களையும் உள்ளதான் தேடுனோம்" என்றார். "இது கேட்டதா?" என்றாள் புஷ்பம். "பாத்தது மேடம்" என்றார் அவர்.

பிறகு புஷ்பம் சொன்னாள். இத்தனை வருடத்தில் எங்களிடம் முதல் தடவையாக. ஜெரால்டு கடற்கரையில் போனான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இல்லை. அவன் கிடைத்தது கடலூரில், கெடிலம் ஆற்றில். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் இருக்கும் பாலத்துக்கு மேற்கே, நாணலுக்குள். பைக் பாலத்தடியில் நின்றிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது, தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். புஷ்பத்தின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு வளர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் சாப்பிடாமல் பைக்கை எடுத்தவன், "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. "நான் போறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டாள். "கடல்ல போனவங்கள்லாம் கடற்கரையில கெடச்சாங்க. எம்புள்ள மட்டும் ஏன் ஆத்துக்குள்ள கெடச்சான்? ஆத்துத் தண்ணி கடலுக்குத்தான போவும்? அவனே எறங்கிட்டான்டீ." ஆற்றிலும் கடல் புகுந்தது என்று அப்போதே நிறையப் பேர் சொன்னார்கள். அம்மா நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். புஷ்பமும் முழுதாக நம்பவில்லை. "நானும் அன்னிக்கு அவன்கூடப் பேசல. எனக்கும் அதே நெனப்புதான். மேலேர்ந்து பாத்தா ஆறு எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியாது. அதனாலதான் கீழ வந்து பாக்கணும்னு தோணிச்சி" என்றாள். கையைத் தண்ணீரில் விட்டாள். தண்ணீர் அவள் விரல்களை மேற்கே இழுத்தது. அவள் அழவில்லை. ஜமீலாதான் அழுதாள்.

தண்ணீர் ஓய்ந்து, ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் நின்று, பிறகு வடிய ஆரம்பித்தது. அந்த நிற்கிற கணத்தை நீ ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டிருந்தது. பரங்கிப்பேட்டையில் கரையேறியபோது அப்பா படித்துறையில் குடையோடு நின்றார். இட்லி கெட்டுப்போயிருந்தது, பிரியாணி வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் ஜமீலா எங்களை டச்சுக்காரர்களின் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். இது நிஜமாகவே அவர்களுடையது, கல்லில் அவர்கள் எழுத்து இருக்கிறது. கடல் தாண்டி வந்து, திரும்பிப்போகாமல், இந்த மண்ணில் படுத்துவிட்டவர்கள். அவர்கள் ஊரில் யார் காத்திருந்தார்களோ, என்னவென்று கேள்விப்பட்டார்களோ என்று பேசிக்கொண்டே நின்றோம். புஷ்பம் கல்லின்மேல் இருந்த காய்ந்த இலைகளைத் தட்டிவிட்டாள்.

போன வாரம் நடந்ததை நீ அறியமாட்டாய். புஷ்பம் செல்வமணியிடம் கேட்டு ஓதம் ஏறும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அவள் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, என்னையும் வரச்சொல்லி, கெடிலத்துப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனாள். அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. காது மந்தம், கண் நன்றாகத் தெரியும். எதற்கு அங்கே போகிறோம் என்று முதலில் சொல்லவில்லை, சொன்னால் வரமாட்டாள். இடத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, ஆட்டோவை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். புஷ்பம் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே காலைக் கீழே வைத்தாள். ஆகாயத்தாமரை ஒரு கொத்து, ஊதாப் பூவோடு, பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. காற்றில்லை. அம்மா அதையே பார்த்தாள். "அது எந்தப் பக்கம் போவுது?" "மேற்கம்மா." "கடல் அந்தப் பக்கம்ல இருக்கு?" "ஆமா. கடல்தான் அத தள்ளிட்டு வருது." அம்மா நம்பாமல் ஒரு குச்சியை எடுத்து அவளே போட்டாள். குச்சியும் மேற்கே போனது. இன்னொன்று போட்டாள். அதுவும் போனது.

"இங்க ஒக்காந்துதான் சிகரெட்டு புடிப்பான்" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு." குச்சி மறைந்த பக்கத்தையே பார்த்தாள். "அப்ப அவன் எறங்கலையாடீ?" என்று கேட்டாள். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். ஆமாம், இறங்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். புஷ்பம் அப்படிச் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. யாரும் பாக்கல. ஆனா அவன் எறங்குனான்னு நம்ம சொன்னோம் பாரு, அதையும் யாரும் பாக்கல. நம்மளா சொல்லிக்கிட்டது. இங்க ஒக்காந்திருக்கும்போது தண்ணி வந்திருக்கும்னுதான் நான் நெனக்கிறேன்." அம்மா தலையை ஆட்டினாள். திரும்பும்போது ஆட்டோ மாதா கோயில் தெருவைத் தாண்டியது. "நிறுத்தச் சொல்லு" என்றாள். இத்தனை வருடமும் இறந்துபோன புருஷனுக்கும் மாமியாருக்கும் பூசை வைக்கப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். ஜெரால்டு பெயரை மட்டும் கொடுக்கவில்லை, தானாகவே உயிரை விட்டவனுக்குப் பூசையா என்று சாமியார் கேட்டுவிடுவாரோ என்ற பயம். அன்று கோயில் ஆபீசுக்குள் அவளே நடந்துபோய், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னாள். வெளியே ஆட்டோவில் இருந்த எங்களுக்கே கேட்டது.

இதுதான் கதிர், அந்த ஆற்றில் இருந்தது. இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். ஜெர்மனிக்குப் போவதற்குமுன் கடலூர் வரமுடியாது, பெங்களூரிலிருந்தே கிளம்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டாய். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. ஆனால் காரணத்தை நானே செய்துகொண்டேன். நித்யாதான் வரவேண்டாம் என்கிறாள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். போன தடவை வந்தபோது நான் அவள் சமையலைப் பற்றி ஏதோ சொன்னதை மனதில் வைத்திருக்கிறாள் என்றேன். அடுத்த நாள் உன் சித்தியிடமும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சேர்த்து. இப்போது அதைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று எனக்கே தோன்றமாட்டேன் என்கிறது. அந்தப் பெண் பாவம், எதையும் நான் பார்க்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. இதை நான் இனி யாரிடமும் சொல்லமாட்டேன். சித்தியிடமும் நானே பேசிவிடுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் பெற்றவர்கள் கடிதம் எழுதுவார்கள். என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான், அதுவும் புஷ்பத்திடமிருந்து போன மாதம் வாங்கியது. போகிற ஊரில் புரியாத ஒன்று நடந்தால், உன் மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசாவிட்டால், நித்யா ஒரு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தால், உடனே ஒரு காரணத்தைக் கட்டிவிடாதே. கேள். கேட்டால் எதிரே இருப்பவர் முகம் சுளிக்கலாம். பதில் நமக்குப் பிடிக்காததாக இருக்கலாம். பதிலே இல்லாமலும் போகலாம், புஷ்பத்துக்கு இன்றுவரை முழுப் பதில் இல்லை. இருந்தாலும் அவள் அம்மா அன்று இரவு மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

அதனால் நான் கேட்கிறேன். ஏன் வரமுடியாது என்கிறாய்? நேரம்தான் இல்லையா, என் மேல் வருத்தமா, வீட்டில் நான் சொன்ன ஏதாவதா, அல்லது எங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது உனக்குக் கஷ்டமாக இருக்குமா? இதில் எதுவும் இல்லாமல் நான் நினைத்தே பார்க்காத ஒன்றாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன்.

அம்மா